கோலா திரங்கானுவில் ஞாயிறு வேலை நாள்

ரோசலின் போய்விட்டார் என்று எனக்குப் போனில் சொன்னவள் அவர் வீட்டில் இருக்கும் மா நிலார். காலை ஏழு மணி இருக்கும். கரண்ட் வந்திருந்தது, அது போவதற்குள் தொட்டியை நிரப்பிவிடலாம் என்று மோட்டாரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். நிலார் பர்மியில்தான் ஆரம்பித்தாள். அழுகை வந்ததும் தமிழுக்கு மாறினாள். "சயா, ஆன்ட்டி எழுந்திரிக்கல. காப்பி போட்டு எடுத்துட்டுப் போனேன், எழுந்திரிக்கவே இல்ல." அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. தொட்டி நிரம்பி, மாடிப்படியில் தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து சத்தம் போட்ட பிறகுதான் மோட்டாரை நிறுத்தினேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நிலார் மறுபடி கூப்பிட்டாள். "முப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும் கோயில் மண்டபத்துல நீங்கதான் பேசணும் சயா. அவங்களோட ஆபீஸ்ல இருந்தது நீங்கதானே." சரிம்மா என்றேன். அவள் விடவில்லை. "ஒண்ணு மட்டும் மறக்காம சொல்லுங்க. ஆன்ட்டி எனக்கு ஒரு தப்பு பண்ணாங்க. அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அதை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க." அதற்கும் சரிம்மா என்றுதான் சொன்னேன். என் வாய்க்கு வேறு என்ன தெரியும்?

நண்பர்களே, அந்தத் தப்பை ரோசலின் செய்யவில்லை. நான் செய்தேன். அவரை மனதாரப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார எனக்கு ஆசைதான். ஆனால் இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் என்ன பேசினாலும் அது இன்னொரு திருட்டு. ஆகவே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரங்கூன் கியாக்டடாவில், சூலே பகோடா பக்கம், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் இடம். புறப்படுகிறவர்களுக்கு அவர்கள் போகும் ஊரைப் பற்றி ஒரு வகுப்பு நடக்கும். அந்த வகுப்பை எடுப்பவன் நான். அதனால்தான் எனக்கு 'சயா' என்று பெயர். பர்மாக்காரர் வாத்தியாரைக் கூப்பிடும் மரியாதைச் சொல். பினாங்கு, ஜொகூர், கோலாலம்பூர் என்று எந்த ஊரைக் கேட்டாலும் வாய் கிழியப் பேசுவேன். நான் வாழ்நாளில் கடல் தாண்டியதே கிடையாது. பர்மாவுக்குள்ளேயே இருக்கும் மோல்மீன்தான் நான் போனதிலேயே அதிக தூரம், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு.

ரோசலின் அங்கே டைப் அடிக்க வந்து சேர்ந்தபோது எங்கள் இருவருக்குமே ஐம்பது தாண்டிவிட்டது. மிஷன் பள்ளியில் படித்தவர், அப்பா துறைமுகத்தில் கிளார்க். சேர்ந்த முதல் வாரத்தில் நான் கோலா திரங்கானு பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மலேசியாவின் கிழக்குக் கரை நகரம், திரங்கானு மாநிலத்தின் தலைநகரம், மலாய் மக்களின் பண்பாட்டு மையம் என்று முழங்கினேன். ஒரு பெண் எழுந்து, "அங்க குளிருமா சயா?" என்று கேட்டாள். "மலேசியாவில் குளிர் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று அடித்துச் சொன்னேன். வகுப்பு கலைந்ததும் ரோசலின் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். "அண்ணே, நீங்க அங்க எந்த வருசம் இருந்தீங்க?" போனதில்லை என்றேன். "அடேயப்பா! கேக்கறப்ப அங்கயே பொறந்து வளர்ந்த மாதிரி இருந்திச்சே." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நான் பதினோரு வருசம் இருந்தேன். அந்தப் பொண்ணை ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. மழைக்காலத்துல நனைஞ்ச துணியோட கடல்காத்துல நின்னா நடுக்கம் தாங்காது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்தப் பெண்ணைத் தேடிப்போய்ச் சொன்னது அவர்தான், நான் இல்லை.

அந்த ஊரில் மீன் அரைத்து ஒரு வகைப் பண்டம் செய்யும் தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்தவர். அதற்குக் கெரொப்போக் என்று பெயர். மீனையும் சவ்வரிசி மாவையும் பிசைந்து, கோலாக உருட்டி, அவித்து, நறுக்கி எண்ணெயில் போடுவார்கள். "முதல் மாசம் அந்த வாடையே ஆகாது. ரெண்டாம் மாசம் அது இல்லாம சோறு இறங்காது" என்பார். நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு பள்ளிக்கூட நோட்டை வாங்கி, அந்த ஊரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தார். ஞானோபதேச வகுப்பில் கற்ற தமிழ். குண்டு குண்டான எழுத்து. அதிலிருந்து சில வரிகள் எனக்கு மனப்பாடம்.

"ஆறு கடல்ல சேர்ற எடத்துல ஊரு. தலைநகரம்னு சொன்னாலும் ரங்கூனை நெனைச்சிக்கிட்டுப் போகாதீங்க. ஆத்தங்கரையிலதான் பெரிய சந்தை. கீழ மீனு, காயி. மேல துணி. பட்டுல ஜரிகை வச்சு நெய்றதைச் சும்மா தொட்டுப் பாக்கலாம், யாரும் திட்ட மாட்டாங்க. சந்தைக்கு அந்தாண்ட சீனர் தெரு. ஆத்துக்குள்ள ஒரு தீவு. அங்க இருக்கிற பெரியவங்க காகிதத்துல ஒரு கோடு போடாமலே மரத்துல படகு கட்டுவாங்க. நம்ம ஆளுங்க ரொம்பக் கொறைவு. தமிழ்ல பேசணும்னா தேடணும். நவம்பர் வந்தா கடல் கறுத்துப் போயிரும், படகு போகாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்துல கடைங்க சாத்திருவாங்க. அப்ப ரோட்டுல நின்னு சத்தமாச் சிரிக்காதீங்க."

இப்படி ஒரு நகரத்தை நான் என் வகுப்பில் ஒருநாளும் காட்டியதில்லை. அவர் ஒருமுறை சொன்னார்: "ஊரைப் பத்திச் சொன்னா யாருக்கும் மண்டையில ஏறாது அண்ணே. அந்த ஊருல ஒரு நாளைப் பத்திச் சொல்லுங்க." இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "கண்ணால பாத்ததைத்தான் சொல்லுவேன். பாக்காததுக்கு வேற ஆளைக் கேளுங்க." இரண்டாவது எனக்காகவே சொல்லப்பட்டது என்று நினைக்கிறேன். அப்போது உறைக்கவில்லை.

முதலாளிக்கு வகுப்பு பிடித்துப்போனது. ஒரு சிறு புத்தகமாகப் போடுங்கள், தமிழிலும் பர்மியிலும் இருக்கட்டும் என்றார். நோட்டை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். ரோசலினின் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கினேன். பிறகு அதைப் பர்மியில் பெயர்த்தேன். அட்டையில் என் பெயரைப் போட்டேன். என் பெயரை மட்டும். அது ஒன்றே போதும், நான் தலைகுனிய. ஆனால் அதோடு நிற்கவில்லை.

நோட்டில் ஓர் இடத்தில் அவர் எழுதியிருந்தார்: "அங்க வெள்ளியும் சனியும் லீவு. ஞாயிறு காலையில வேலைக்கு நிக்கணும்." வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மலேசியாவில் ஞாயிறுதான் விடுமுறை, கோலாலம்பூர் போய் வந்த நூறு பேரிடம் கேட்டவன் நான். இந்த அம்மாவுக்கு நாள் குழம்பிவிட்டது என்று முடிவு கட்டினேன். ஒவ்வொரு மாநிலத்துக்கும் விடுமுறை மாறலாம் என்பது என் மேதாவி மூளைக்கு எட்டவில்லை. அவர் என் மேசையிலிருந்து நாலு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, இது சரிதானா?" என்று தலையைத் திருப்பிக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, "வாராந்திர விடுமுறை ஞாயிற்றுக்கிழமை" என்று எழுதினேன். அச்சுக்கு அனுப்புமுன் அவரிடம் காட்டவும் இல்லை. காட்டினால் டைப் அடிக்கிறவர் என்னைத் திருத்துவார், அது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

புத்தகம் அச்சகத்திலிருந்து வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கோலா திரங்கானுவுக்குப் போகும் ஐந்து பெண்கள் மறுநாள் காலை விமானம் ஏறினார்கள். ஆளுக்கொன்றைக் கையில் கொடுத்து அனுப்பினோம். அந்த ஐவரில் ஒருத்தி மா நிலார். ரங்கூன் புறநகர் லைங் தாயாவில் துணித் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தவள். அப்பா பர்மியர், அம்மா தமிழ்க் கிறிஸ்தவர். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. பர்மிப் பக்கங்களை விமானத்திலேயே வாசித்து முடித்துவிட்டாளாம்.

ரோசலினும் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. அவர் குரலில் அப்படி ஒரு பதற்றத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அண்ணே, ஞாயித்துக்கிழமை லீவுன்னு அச்சாகியிருக்கு. நாளைக்கு ஞாயிறு! புள்ளைங்க இந்நேரம் அங்க போய்ச் சேர்ந்திருக்கும். இன்னிக்கு அங்க லீவு, சொல்றதுக்கு ஆபீஸ்ல ஒரு ஆளும் இருக்க மாட்டாங்க. அங்க இருக்கற ஏஜெண்ட் நம்பர் உங்ககிட்டதானே இருக்கு? இப்பவே போட்டுச் சொல்லுங்க." என்னிடம் நம்பர் இருந்தது. போனை வைத்துவிட்டு அதை அழுத்த ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நானோ, "ஒரு நாள்ல என்னம்மா ஆயிடப்போகுது? அங்க போனா அவங்களே சொல்லுவாங்க. திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றேன். எரிச்சலோடு சொன்னேன். தப்பு என்னுடையது என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது, அந்த எரிச்சல்தான்.

நடந்தது இது. மறுநாள் விடியும் முன்பே நிலார் எழுந்து, குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு தேவாலயம் தேடிப் புறப்பட்டாள். விடுமுறைதானே என்று ஆற்றங்கரைச் சந்தையையும் பார்த்தாள். மற்ற நால்வரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் வந்து கதவைத் தட்டியதும் எழுந்து வேலைக்கு ஓடினார்கள். நிலாரின் படுக்கை காலி. கையில் போன் இருந்தது, ஆனால் அந்த ஊர் சிம் இன்னும் வாங்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் அந்த இடத்திலிருந்து இரண்டு பேர் ஓடிப்போயிருந்தார்களாம். இவளும் ஓடிவிட்டாள் என்று உடனே புகார் எழுதிவிட்டார்கள். சாயங்காலம் கெரொப்போக் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தவளைப் பிடித்து வைத்தார்கள். புகார் போய்விட்டது, இனி திரும்ப வாங்க முடியாது என்றார்கள். இரண்டு வாரம் தடுப்புக் காவலில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். புத்தகத்தை எடுத்துக் காட்டினாளாம். யார் பார்ப்பார்கள்?

முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். "இந்த ஞாயிற்றுக்கிழமை விவரம் யார் கொடுத்தது?" நான் சொன்ன பதிலை எழுத்துக்கு எழுத்து இங்கே சொல்கிறேன். "அங்க பதினோரு வருசம் இருந்தவங்க அவங்கதான். அவங்க நோட்டைப் பாத்துத்தான் எழுதினேன்." இரண்டு வாக்கியமும் உண்மை. சேர்த்துச் சொன்னது பச்சைப் பொய். ரோசலின் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நோட்டு அவர் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது. முந்தின நாள்தான் என்னிடமிருந்து திரும்ப வாங்கியிருந்தார். எடுத்து மேசைமேல் போட்டிருந்தால் என் கதை முடிந்தது. அவர் பையைத் திறக்கவில்லை. "பிழை நடந்து போச்சு. அந்தப் புள்ளை வந்ததும் நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர்தான் கைதவறி நாளை மாற்றி எழுதிவிட்டார் என்றே பிறகு நிலார் உட்பட எல்லோரும் நம்பினார்கள். மேசையைக் காலி செய்யும்போது நான் டீ குடிக்கக் கீழே போய்விட்டேன். வேண்டுமென்றேதான்.

நிலாரை விமான நிலையத்தில் போய் அழைத்து வந்தவர் ரோசலின். லைங் தாயாவில் பழைய வேலை போய்விட்டது, ஊர்க்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். தின்கன்ஜூனில் தன் வீட்டிலேயே அவளைத் தங்கவைத்துக்கொண்டார். ஒரு தையல் மெஷினைப் போட்டு இருவரும் ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைத்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் வெளிநாடு போகிறவர்கள் அந்த வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். உங்களில் எத்தனையோ பேர் அந்தத் தரையில் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். நானும் ஒருநாள் போய்ப் பின்னால் நின்று கேட்டேன். காலை நாலரைக்கு எழுந்து, கம்பெனி பஸ்ஸில் ஏறி, பாலம் தாண்டும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்பது வரை சொன்னார். "பதினோரு வருசமும் ஞாயித்துக்கிழமைல மீன் வெட்டிக்கிட்டேதான் மனசுக்குள்ள பூசை பாத்தேன். சாமி கோவிச்சிக்கல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். என்னைக் கண்டதும், "சயா வந்திருக்காங்க, நகருங்க, எடம் குடுங்க" என்றார். நிலார் எழுந்து எனக்கு நாற்காலி போட்டாள். அதில் நான் உட்கார்ந்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

எல்லோரும் போன பிறகு, நிலார் கடைக்குப் போயிருந்த நேரத்தில், கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏம்மா நோட்டைக் காட்டல?" அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னார். "காட்டியிருந்தா உங்க வேலை போயிருக்கும். எனக்குத் தைக்கத் தெரியும், ஆக்கத் தெரியும், மீன் வெட்டத் தெரியும். எங்க போனாலும் பொழைச்சுக்குவேன். உங்களுக்குப் பேச மட்டும்தானே தெரியும், பாவம்." அந்தப் பாவம் என்ற சொல்லில் கேலி இருந்ததா, இரக்கமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஆனா நிலார்கிட்ட நீங்களே சொல்லணும்ணே. நான் சொல்லித் தெரியக் கூடாது. அது உங்க பொறுப்பு."

சொல்கிறேன் என்றேன். அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. நிலைமை சரியில்லை, பஸ் இல்லை, உடம்பு சரியில்லை, அவள் இப்போதுதான் சந்தோஷமாக இருக்கிறாள், ஏன் கெடுக்க வேண்டும் — ரங்கூனில் சாக்குக்கா பஞ்சம்? எத்தனையோ காலை அந்த வீட்டில் நிலார் வைத்த, மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கும்மா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் போவதற்குப் பத்து நாள் முன்பு வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினார். "சொல்லிட்டீங்களா?" என்றார். "அடுத்த வாரம்" என்றேன். "ம்" என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

நேற்று முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செத்துப் போனவங்களுக்கு இப்ப எதுக்கு சயா இதெல்லாம்?" என்றார். புத்தகம் இன்னும் கொடுக்கப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை வரியைத் திருத்தியாகிவிட்டது. அட்டையில் இன்னும் என் பெயர். அதை எடுத்துவிட்டு ரோசலின் பெயரைப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். போடாவிட்டால் அந்த வகுப்புக்கு இனி நான் போகப்போவதில்லை.

ரோசலினிடமிருந்து உங்களுக்கெல்லாம் கிடைத்தது ஏராளம். என்னிடம் அவர் விட்டுப் போனது ஒரே ஒரு வேலை. அவர் உயிரோடு இருந்து பார்க்கும்படி அதைச் செய்ய எனக்குத் துப்பில்லாமல் போனது. இந்த மண்டபத்தில், நீங்கள் எல்லோரும் கேட்க, இப்போது செய்கிறேன். இதைத் தமிழில் வாசித்தேன். இனி வருவதைப் பர்மியில் சொல்லப்போகிறேன், அது என் வரியை அந்த மொழியில் வாசித்து நம்பி, இப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு.

நிலார், உன் ஆன்ட்டி உனக்கு எந்தத் தப்பும் செய்யவில்லை. ஞாயிறு வேலை நாள் என்று அவர் சரியாகத்தான் எழுதினார். உன்னைத் தடுக்கச் சொல்லி அன்று சாயங்காலமே எனக்குப் போனும் செய்தார். அந்தப் புத்தகத்தில் நாற்பது பக்கம் அவருடையது. ஒரு வரிதான் என்னுடையது. அந்த வரியை நம்பித்தான் நீ அன்று காலை நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனாய்.